உஷார்! படபடப்பு அடங்கிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

உங்கள் வீட்டில் இதயத்தில் அப்லேஷன் செய்துகொண்டவர் யாராவது இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை அவர் இன்றைக்குப் போட்டாரா என்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள். போட்டிருந்தால் நிம்மதி. "அதான் சரியாயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்று பதில் வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக 'ஏ.எஃப்.', நம் டெல்டாவில் இப்போது பலர் வாயிலும் புழங்குகிற பெயர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் கோளாறு. தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஈ.சி.ஜி.யில் கண்டுபிடிக்கிறார்கள். மாத்திரைக்கு அடங்காவிட்டால் சென்னை, வேலூர் என்று கிளம்புகிறார்கள். தொடை இடுக்கில் துளை போட்டு, ரத்தக் குழாய் வழியாக மெல்லிய வயரை இதயத்துக்குள் செலுத்தி, தப்பான துடிப்பு கிளம்பும் இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ தடுப்பு போடுகிறார்கள். இதுதான் அப்லேஷன். இரண்டொரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். சொந்தக்காரர்களுக்கெல்லாம் "நல்லபடியா முடிஞ்சுது" என்று போன் பறக்கிறது. ஆபத்து ஆரம்பிப்பது அந்தப் போனிலிருந்துதான். முடியவில்லை. பலருக்கு அது முடிகிற விஷயமே இல்லை.

இந்தச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்கள் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள். நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயில்தான் பெரும்பாலான கள்ளத் துடிப்புகள் பிறக்கின்றன என்று மிஷேல் ஹைசாகேரின் குழு 1998-ல் காட்டியது. அதே போர்தோ மருத்துவர்கள், 100 நோயாளிகளை ஐந்து வருடம் கவனித்துவிட்டு 2011-ல் ஒரு கணக்கையும் வெளியிட்டார்கள். ஒரே ஒரு அப்லேஷனோடு ஐந்து வருடம் தொந்தரவில்லாமல் இருந்தவர்கள் 29 சதவீதம். திரும்பத் திரும்பச் செய்த பிறகு அது 63 சதவீதமானது. கண்டுபிடித்தவர்கள் கையிலேயே, பலமுறை செய்தும், மூன்றில் ஒருவருக்கு மேல் கோளாறு திரும்பியிருக்கிறது. அதற்குப் பிறகு கருவிகள் எவ்வளவோ மேம்பட்டுவிட்டன, இன்றைய நிலைமை அதைவிட நல்லதுதான். ஆனாலும் சுட்ட வடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டால் போதும், தப்பான துடிப்பு அந்த வழியாகத் தப்பி வரும். மேலறையே வீங்கித் தழும்பேறியிருந்தால் புது இடத்திலிருந்தும் கிளம்பும். முதல் இரண்டு மூன்று மாதத்தில் வரும் தடுமாற்றம் வேறு. அது காயம் ஆறுகிற காலம், அதை வைத்துத் தோல்வி என்று முடிவுகட்டத் தேவையில்லை.

என்னை நிஜமாகவே பயப்படுத்துவது இன்னொரு ஆய்வு. உடம்பில் பதித்த கண்காணிப்புக் கருவியோடு 50 பேரை அப்லேஷனுக்கு முன்னும் பின்னும் கவனித்து 2013-ல் வெளியிட்டது அது. ஏ.எஃப். வந்தும் உடம்புக்குத் தெரியாமல் போன தடவைகளும் தெரிந்த தடவைகளும் சிகிச்சைக்கு முன்னால் ஏறக்குறைய சமமாக இருந்தன. சிகிச்சைக்குப் பிறகு, தெரிந்து வந்தது ஒரு தடவை என்றால் தெரியாமல் வந்தது மூன்று நான்கு தடவை. கோளாறு குறைந்தது உண்மை. ஆனால் மிச்சம் இருந்ததில் பெரும்பகுதி ஓசைப்படாமல் வந்துபோனது. படபடப்பு நின்றுவிட்டதால் ஏ.எஃப். நின்றுவிட்டது என்று சொல்லவே முடியாது.

திருவையாற்றில் இருக்கும் என் அண்ணனுக்கு மூன்று முறை அப்லேஷன் ஆகியிருக்கிறது. போன அறுப்பு சமயத்தில் அவர் களத்திலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, தட்டில் இருந்த முறுக்கைக் கடித்தபடி நெல் விலை பேசிக்கொண்டிருந்தார். பிரஷர் பார்க்கலாம் என்று கையில் பட்டையைச் சுற்றினேன். எண்ணுக்குப் பக்கத்தில் இதயப் படம் விட்டுவிட்டு மின்னியது. மறுபடி பார்த்தேன், மறுபடியும் மின்னியது. மணிக்கட்டில் விரல் வைத்தால் ஒரு துடிப்பு அழுத்தமாக, அடுத்தது மெலிதாக, பிறகு ஒரு வெற்றிடம், உடனே இரண்டு நெருக்கமாக. "ஒண்ணும் இல்லடா, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார். நிஜமாகவே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ஈ.சி.ஜி.யில் ஏ.எஃப். பச்சையாகத் தெரிந்தது.

இதில் இன்னொரு பொறி இருக்கிறது. பலமுறை அப்லேஷன் ஆனவர்களுக்கு, பழைய தழும்புகளைச் சுற்றியே துடிப்பு வட்டமடிக்கும் வேறொரு கோளாறு வரலாம். அப்போது நாடி தாறுமாறாக இருக்காது. சீராகவே இருக்கும், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் 120, 150 என்று ஓடும். "நாடி ஒழுங்காத்தான் அடிக்குது" என்று விட்டுவிடுவார்கள். அந்த வேகம் வாரக்கணக்கில் நீடித்தால் இதயத் தசையே சோர்ந்து, மூச்சு வாங்கி, கால் வீங்கும். ஆகவே நாடி சீராக இருக்கிறதா என்று பார்ப்பதோடு எவ்வளவு வேகம் என்றும் பாருங்கள். உட்கார்ந்த நிலையில் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

சரி, தெரியாமல் வந்துவிட்டுப் போனால் என்ன நஷ்டம்? நஷ்டம் மூளைக்கு. இடது மேலறையில் சின்னப் பை போல ஒரு மூலை உண்டு. ஓட்டம் நின்ற வாய்க்கால் மூலையில் பாசி கட்டுகிற மாதிரி, மேலறை சுருங்காதபோது அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏ.எஃப். இருப்பவர்களுக்கு பக்கவாத அபாயம் ஐந்து மடங்கு வரை அதிகம் என்பது பல வருடங்களாகத் தெரிந்த விஷயம். 65 வயது தாண்டியவர், பிரஷர், சர்க்கரை உள்ளவர், ஏற்கெனவே ஒருமுறை வாதம் வந்தவர், இதயம் பலவீனமானவர் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர அபாயம் ஏறும். உறைவு தடுப்பு மாத்திரை யாருக்கு வேண்டும் என்பதை மருத்துவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அப்லேஷன் ஆனதால் உங்கள் வயது குறையவில்லை, சர்க்கரை போய்விடவில்லை.

2025-ல் வந்த செய்தி ஒன்றை யாராவது உங்களிடம் காட்டக்கூடும். அப்லேஷனுக்குப் பிறகு மாத்திரையை நிறுத்தலாம் என்று தென் கொரியாவில் 840 பேரிடம் நடத்திய ஆய்வில் தெரிந்ததாமே என்று. அது உண்மையான, நல்ல ஆய்வு. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் அப்லேஷன் ஆகி குறைந்தது ஒரு வருடம் கோளாறு திரும்பவே இல்லாதவர்கள். நிறுத்தியதும் மருத்துவர்கள் கண்காணிப்பில். இரண்டு முறை, மூன்று முறை செய்தும் ஏ.எஃப். திரும்பி வருகிறவருக்கு அந்த ஆய்வில் இடமே இல்லை. அந்தச் செய்தியை நம்பி நீங்களாக நிறுத்தாதீர்கள், எடுத்துக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

மெடிக்கல் கடை வாசலில் நின்று பார்த்தால் இன்னொரு தப்பும் தெரியும். சீட்டில் உள்ளதில் விலை கூடினதை விட்டுவிட்டு "மத்ததை மட்டும் குடு தம்பி" என்பார்கள். விட்டது பெரும்பாலும் அந்த உறைவு தடுப்பு மாத்திரையாகத்தான் இருக்கும். வீட்டில் ஆஸ்பிரின் இருக்கிறதே, அதுவும் ரத்தம் உறையாமல் இருக்கத்தானே என்ற சமாதானம் வேறு. ஏ.எஃப்.க்கு ஆஸ்பிரின் போதாது. பழைய உறைவு தடுப்பு மாத்திரையான வார்ஃபரின் சரிப்படாத 5,599 பேரிடம், புது வகையான அபிக்ஸபானையும் ஆஸ்பிரினையும் ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வெளிவந்தது. வாதமும் உறைகட்டியும் ஆஸ்பிரின் பக்கம் வருடத்துக்கு 3.7 சதவீதம், அபிக்ஸபான் பக்கம் 1.6. பெரிய ரத்தக்கசிவிலும் ஆஸ்பிரினுக்கு ஒரு லாபமும் இல்லை. காப்புரிமை முடிந்த பிறகு இந்த மாத்திரைகளின் விலை நம் நாட்டில் நன்றாக இறங்கியிருக்கிறது. வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் அதை வாய்விட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், விலை குறைந்ததை எழுதித் தருவார். சொல்லாமல் விடுவதுதான் ஆளைக் கவிழ்ப்பது.

நம் நாட்டுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. 24 மருத்துவமனைகளில் 1,537 ஏ.எஃப். நோயாளிகளைப் பதிவுசெய்த இந்தியப் பதிவேடு ஒன்றில் சராசரி வயது 55 கூட இல்லை. கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வால்வு நோய், சிறுவயதில் தொண்டைப்புண்ணோடு வந்த மூட்டுவாதக் காய்ச்சலின் மிச்சம். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று அலைந்த குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். மைட்ரல் வால்வு சுருங்கி ஏ.எஃப். வந்தவர்களுக்கு வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரைதான் வேண்டும். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்யத் தேவையில்லாத புது மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று 24 நாடுகளில் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். அப்போது டெல்லி எய்ம்ஸில் இருந்த கணேசன் கார்த்திகேயன் அதை நடத்திய முக்கியமானவர்களில் ஒருவர். 2022-ல் முடிவு வந்தபோது பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் இறப்பு குறைவாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புது மாத்திரைக்கு மாறிவிட்டார் என்பதற்காக நீங்களும் மாறாதீர்கள். அவருடைய ஏ.எஃப். வேறு, உங்களுடையது வேறு. இந்தப் பழைய மாத்திரை சாப்பிடும் பெண்கள் கருத்தரித்தால், ஒரு நாளும் தள்ளாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவைப் பாதிக்கக்கூடியது அது.

அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் "சம்பா அறுப்பு முடியட்டும், பொங்கல் கழியட்டும்" என்று ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தள்ளிப்போடுவது சர்வசாதாரணம். பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தப்போக்கு. கீரை சாப்பிடவே கூடாது என்பதில்லை, வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். ஏகாதசிக்கு முழுப்பட்டினி, துவாதசிக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாக ஒரு பிடி பிடிப்பது நம் பக்கத்துப் பல வீடுகளின் பழக்கம். இந்த ஏற்ற இறக்கம் ஐ.என்.ஆரை ஆட்டிவிடும். அகத்தி மருந்தை முறிக்கும் என்று பாட்டிமார் சொல்வது இந்த மருந்து விஷயத்தில் உண்மையே. புது மாத்திரைக்காரர்களும் விரத நாளில் கவனமாக இருக்க வேண்டும். ரிவராக்ஸபான் 15, 20 மில்லிகிராம் மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் முழுசாகச் சேராது. டபிகாட்ரான் கேப்சூலை அட்டையிலிருந்து பிரித்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அது கெட்டுப்போகும்.

நடவு, களையெடுப்பு முடிந்தால் இடுப்பு வலி, முழங்கால் வலி. உடனே மெடிக்கலில் 'செட் மாத்திரை'. காகிதத்தில் மடித்துத் தரும் நாலைந்து மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை அதில் இருந்தால், உறைவு தடுப்பு மாத்திரையோடு சேர்ந்து வயிற்றுக்குள் ரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் காத்திருக்காதீர்கள். வலிக்கு இடுப்பில் ஊசி போடச் சொல்வதும் வேண்டாம், போட்ட இடத்தில் ரத்தம் கட்டும். பல் பிடுங்கப் போகிறவர்கள் தாங்களாகவே நாலு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகிறார்கள். பல் டாக்டரும் இதய டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டிய காரியம் அது.

இப்போது சொல்லப்போவது அரிது, ஆனால் உயிரை எடுப்பது. இடது மேலறைக்கு நேர் பின்னால் உணவுக்குழாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுடும்போது அதில் சூடுபட்டுப் புண்ணாகி, சில வாரம் கழித்து இரண்டுக்கும் இடையே ஓட்டை விழலாம். பல நாட்டு மருத்துவமனைகளின் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட அப்லேஷன்களை அலசிய ஆய்வில் 138 பேருக்கு இப்படி ஆகியிருந்தது. ஆனால் அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில், சில சமயம் இரண்டு மாதம் வரையிலும், காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சு வலி, பேச்சு குழறல், கை கால் மரத்தல் என்று ஆரம்பிக்கும். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டைபாய்டு என்று ஊசி, விழுங்கினால் வலி என்றால் எண்டோஸ்கோபி. அங்கேதான் விபரீதம். காற்றை ஊதிச் செய்யும் எண்டோஸ்கோபி அந்த ஓட்டை வழியாகக் காற்றை மூளைக்கே அனுப்பிவிடும். "எனக்கு இத்தனாம் தேதி அப்லேஷன் ஆச்சு" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லுங்கள். அப்லேஷன் செய்த மருத்துவமனைக்கு உடனே போன் போடுங்கள். முதலில் எடுக்க வேண்டியது நெஞ்சு சி.டி. ஸ்கேன்.

அப்லேஷன் ஆகிச் சில மாதம் கழித்து இருமல், மூச்சிரைப்பு, சளியில் ரத்தம் வந்தால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். சுட்ட இடத்தில் நுரையீரல் சிரை சுருங்கிப்போனாலும் இதே அறிகுறிகள்தான். பலமுறை சுட்டவர்களுக்கு இந்தக் கவலை கூடுதல். சளிப் பரிசோதனை அவசியம் செய்யுங்கள், கூடவே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் மேஜைமேல் எடுத்து வையுங்கள்.

துடிப்பைச் சீராக வைக்கக் கொடுக்கும் அமியோடரோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் வேலை செய்தால் தோல் எரியும், கருநீலம் பாயும். முழுக்கைச் சட்டை, துண்டு இல்லாமல் வயலில் இறங்க வேண்டாம். தைராய்டு, ஈரல் பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்டு வாங்குங்கள்.

அடுத்த அப்லேஷனுக்கு இரண்டு மா நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கிற குடும்பங்களை நான் அறிவேன். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சிலருக்கு இரண்டாவது, மூன்றாவது முறையில்தான் வாழ்க்கை திரும்புகிறது. ஆனால் பத்திரத்தை எடுப்பதற்கு முன்னால் சில கேள்விகளுக்கு மருத்துவரிடம் நேரான பதில் வாங்குங்கள். மேலறை எவ்வளவு வீங்கியிருக்கிறது? போன முறை அடைத்த இடம் திறந்துவிட்டதா, புது இடமா? என் வயதில், என் நிலையில் பலன் கிடைக்க வாய்ப்பு எவ்வளவு? செய்யாமல் மாத்திரையால் வேகத்தை மட்டும் அடக்கிவைத்தால் என்ன ஆகும்? விடாமல் நீடிக்கும் ஏ.எஃப்.க்கு, சிரை வாயை அடைப்பதோடு நிற்காமல் கூடுதலாகக் கோடு கோடாகச் சுடுவதால் லாபம் இருக்கிறதா என்று 589 பேரிடம் பார்த்து 2015-ல் எழுதினார்கள். லாபம் தெரியவில்லை. அதிகம் சுட்டால் அதிகக் குணம் என்ற கணக்கு இதில் செல்லாது.

நிலம் விற்காமல் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் உடல் பருத்த 355 ஏ.எஃப். நோயாளிகளைப் பல வருடம் கவனித்தார்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து அதைத் தக்கவைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அப்லேஷனும் மருந்தும் இல்லாமலே துடிப்புக் கோளாறிலிருந்து விடுபட்டார்கள். மூன்று வேளையும் சோறு, இட்லி, பொங்கல் என்று அரிசியிலேயே வாழும் நாம் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். குடிப்பழக்கமுள்ள 140 பேரிடம் அதே நாட்டில் நடந்த இன்னொரு ஆய்வில், ஆறு மாதத்தில் ஏ.எஃப். திரும்பியது வழக்கம்போலக் குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்கு, நிறுத்தச் சொன்னவர்களில் 53 சதவீதத்தினருக்கு. குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று விழிக்கிறவர்கள் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். கும்பகோணத்துக்காரர்கள் என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுவது டிகிரி காபிக்குத்தான். 2025-ல் 200 பேரிடம் பார்த்ததில் காபி குடித்தவர்களுக்கு ஏ.எஃப். திரும்பியது குறைவாகவே இருந்தது. டம்ளர் காபியைத் தாராளமாகக் குடியுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள்.

கடைசியாக, இத்தனைக்குப் பிறகும் வாதம் வந்தால் என்ன செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாய் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று போதும். படுத்துத் தூங்கினால் சரியாகும் என்று விடாதீர்கள். எண்ணெய் தேய்க்காதீர்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். சற்று நேரத்தில் தானாகச் சரியானாலும் போயே ஆக வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம், வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் வரவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 108-ஐ அழைக்கும்போதே சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். உறைவு தடுப்பு மாத்திரை உடம்பில் இருக்கும்போது அந்த ஊசி சில சமயம் போட முடியாது, கட்டியைக் குழாய் விட்டு எடுக்க வேண்டிவரலாம். அதனால் மருத்துவர் கேட்கிற முதல் கேள்விகள் இரண்டு: கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு, கடைசி மாத்திரை போட்டது எத்தனை மணிக்கு. மாத்திரையின் பெயர், அளவு, போடும் நேரம், அப்லேஷன் ஆன தேதிகள் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி, நோயாளியின் சட்டைப் பையில் வைத்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவர் போனிலும் இன்று ராத்திரிக்குள் ஏற்றிவிடுங்கள்.